மூன்றரை வாட் முழக்கம்

பனியன் கம்பெனிகள் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்களை வெளியே விடும் இரவு வேளையில், திருப்பூர் அவிநாசி சாலை ஓரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் போகிற வண்டி எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மொபெட்டின் முனகல், நூறு சிசி வண்டிகளின் சீரான ஓட்டம், புல்லட்டின் கனத்த அடி, யாரோ பத்திரமாக வைத்திருக்கும் பழைய ஆர்எக்ஸ் 100-இன் கீச்சு. நடுவே ஒரு வண்டி இவை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு போகும். அதன் சைலன்சருக்குள் இருந்த பேஃபிளை உருவி எடுத்திருப்பார்கள், அல்லது அதன் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள். ஏன் என்று ஒர்க்ஷாப்பில் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அடைப்ப எடுத்துட்டா வண்டி மூச்சு விடுமுங்க, நல்லா இழுக்கும்" என்பார் ஒருவர். "பேக் பிரஷர் போயிட்டா இழுவை செத்துருமுங்க, அதத் தொடவே கூடாது" என்பார் பக்கத்துக் கடைக்காரர். இருவரும் கைப்பழக்கத்தில்தான் பேசுகிறார்கள். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடிப் போனால், சத்தத்துக்கும் இழுவைக்கும் நாம் நினைக்கிற அளவு உறவே இல்லை என்பது தெரியவரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பேஃபிளின் துளை. அந்தத் துளை எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்காகவே சொல்லலாம்.

சத்தம் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் ஓடும் எஞ்சினில் அந்த நேரத்தில்கூட உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. வேகிற குக்கரின் வெயிட்டைச் சட்டென்று தூக்கியது போல அது பெண்டு பைப்புக்குள் பாய்கிறது. இதை அழுத்தத் துடிப்பு என்று சொல்லலாம். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்பு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் சென்னையில் பூட்டத் தொடங்கிய புல்லட் குடும்பத்து வண்டி ஒன்று, நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு எட்டுத் துடிப்பு வெளியே வரும். நொடிக்கு ஏறக்குறைய 20-க்குக் கீழே வரும் அதிர்வுகளை நம் காது தொடர்ந்த சுருதியாகக் கேட்பதில்லை. ஒவ்வோர் அடியாக எண்ணுகிறது. ஆகவேதான் சிக்னலில் நிற்கும் புல்லட் "டப்... டப்..." என்கிறது. 2400 சுற்றைத் தாண்டியதும் அடிகள் கலந்து ஒரு தாழ்ந்த சுருதியாகிவிடுகின்றன. டெய்லர் பவர் மெஷினின் பெடலை மெல்ல அழுத்தும்போது ஊசி இறங்குவது ஒவ்வொன்றாகக் கேட்கும். முழுக்க அழுத்தினால் ஒரே ரீங்காரம். அதே கதைதான்.

இனி, இந்தச் சத்தத்தில் எத்தனை சக்தி இருக்கிறது? தெருவையே எழுப்பிவிடுகிற ஓசை என்பதால் எஞ்சினின் பலத்தில் பெரும்பங்கு அதில் போவதாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. வாகன ஒலியை அளப்பவர்கள் வண்டி போகும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைப்பார்கள். அந்தத் தூரத்தில் 100 டெசிபல் என்பது காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் அளவு. அங்கே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வந்து சேரும் ஒலிச்சக்தி ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. வண்டியைச் சுற்றி 7.5 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைக்கோளக் கூடாரம் அடித்ததாக நினைத்தால், அதன் துணி ஏறக்குறைய 353 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் மூன்றரை வாட். வீட்டில் எரியும் ஒன்பது வாட் எல்இடி பல்புக்குப் பாதிகூட இல்லை. இன்றைய 349 சிசி புல்லட்டின் எஞ்சின் 20 குதிரைத்திறன், அதாவது சுமார் 15,000 வாட் தரக்கூடியது. முழக்கம் முழுவதையும் பிடித்துச் சக்கரத்துக்கே திருப்பி அனுப்ப முடிந்தாலும் கிடைப்பது நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே சத்தம் அதிகமானால் சக்தி வெளியே போகிறது என்பதும் பிழை, சத்தம் அதிகமானால் சக்தி கூடியிருக்கிறது என்பதும் பிழை. ஒலியை அடக்குவதற்காக மட்டும் எஞ்சின் எதையும் இழப்பதில்லை. அதை எந்த வழியில் அடக்குகிறோம் என்பதில்தான் இழப்பு இருக்கிறது.

டெசிபல் என்பதும் கொஞ்சம் ஏமாற்றுகிற அளவுகோல். பத்து டெசிபல் கூடினால் ஒலிச்சக்தி பத்து மடங்கு; காதுக்கோ ஏறக்குறைய இரு மடங்காகத்தான் தோன்றும். இந்தியாவில் புது வண்டிகளுக்கு, ஓடும்போது 7.5 மீட்டரில், 175 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. 90 டெசிபல் எழுப்பும் ஒரு வண்டி, 80-இல் ஓடும் பத்து வண்டிகள் ஒன்றாகப் போவதற்குச் சமம். கம்பெனி, வீடு, மளிகைக் கடை எல்லாம் ஒரே சந்தில் தோள் உரசி நிற்கும் ஊரில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் சட்டம் வைத்திருக்கும் அளவு 45 டெசிபல்தான்.

சைலன்சர் உள்ளே என்னதான் செய்கிறது? அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இலேயே எஞ்சினுக்கான ஒலியடக்கிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். துப்பாக்கிக்கு சைலன்சர் செய்த ஹைரம் பெர்சி மாக்சிமின் காப்புரிமை 1909. துப்பாக்கியும் மோட்டார் சைக்கிளும் ஒரே பிரச்சினை உள்ளவை என்பது வேடிக்கையான ஒற்றுமை: இரண்டிலும் சூடான வாயு வெளியே போயாக வேண்டும், அதன் அடி மட்டும் போகக்கூடாது. வாயுவின் ஓட்டமும் அழுத்தத் துடிப்பும் வேறு வேறு என்பதை மனதில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். வாயு குழாய் வழியே மெதுவாக நகர்கிறது. துடிப்போ அந்த வாயுவின் ஊடே ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. 500 டிகிரிச் சூட்டில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 550 மீட்டர், வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஷிப்ட் முடிந்து ஒரு நீண்ட நடைவழியில் நெருக்கியடித்து வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் இருப்பவர் பின்னாலிருந்து தள்ளப்பட, அந்தத் தள்ளு ஆளுக்கு ஆள் கடந்து வாசலை எட்டும். வாசலுக்கு வெளியே திறந்த மைதானம். முதல் வரிசை சட்டென்று சிதறி ஓடும். அவர்கள் விட்ட இடைவெளியில் இரண்டாம் வரிசை பாயும், அங்கே மூன்றாம் வரிசை. ஆட்கள் எல்லோரும் வெளியேதான் போகிறார்கள். ஆனால் அந்த "வெற்றிடம்" மட்டும் பின்னோக்கி, நடைவழியின் உள்ளே பயணம் செய்கிறது. குழாயின் திறந்த வாயில் நடப்பது இதுதான். அழுத்தத் துடிப்பு வெளியே வந்ததும் ஒரு தாழ்வழுத்த அலை, எஞ்சினை நோக்கித் திரும்பிப் போகிறது. குழாய் திடீரென்று அகலும் எந்த இடத்திலும் இப்படித் துடிப்பின் ஒரு பகுதி திரும்பும். திடீரென்று குறுகும் இடத்திலும் திரும்பும், ஆனால் தாழ்வழுத்தமாக அல்ல, அழுத்தமாகவே. இப்படித் திரும்பும் அலைக்கு எதிரலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் இரண்டு மூன்று அறைகளும் அவற்றுக்கிடையே உள்ள சிறு குழாய்களும் இந்த வேலைக்குத்தான். துடிப்பு ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பப்பட்டு, தன்னோடு தானே மோதித் தேய்கிறது. வாயுவோ அறை அறையாகக் கடந்து போய்விடுகிறது.

அறைகள் இன்னொரு வித்தையும் செய்கின்றன. மானாமதுரைக் கடத்தின் வாயை வித்வான் வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் சுருதியை மாற்றுவதைப் பார்த்திருப்போம். குடத்துக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். கழுத்தில் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை. இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஒரு சுருதியில் ஆடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்ததால் அவர் பெயரிலேயே இந்த ஒத்ததிர்வி அழைக்கப்படுகிறது. சைலன்சரின் ஓரத்தில் கழுத்தோடு கூடிய ஒரு மூடிய அறையை வைத்தால், அதன் சுருதியோடு ஒத்துப்போகும் ஒலியை அது உறிஞ்சி எதிராக ஆடி அணைத்துவிடும். கடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கடம் ஓசையைத் தருகிறது, இது எடுத்துக்கொள்கிறது.

ரோல் ரோலாகத் துணி அடுக்கிய குடோனில் பேசினால் குரல் செத்து விழும். துணியை ஏற்றி அனுப்பிய மறுநாள் அதே குடோன் எதிரொலிக்கும். நூலிழைகளுக்கிடையே காற்று உரசி உரசி ஒலி வெப்பமாகிவிடுவதுதான் காரணம். சந்தையில் விற்கும் பல "நேர்க்குழாய்" சைலன்சர்கள் இதையே நம்பியிருக்கின்றன: நடுவே துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. வாயுவுக்குத் தடையே இல்லை என்பது இதன் பெருமை. ஆனால் மெல்லிய சிங்கிள் ஜெர்சி குளிரைத் தாங்காதது போல, பஞ்சின் கனத்துக்கும் ஒலியின் அலைநீளத்துக்கும் ஒரு பொருத்தம் வேண்டும். ஏறக்குறைய அலைநீளத்தில் கால்பங்கு கனம் இருந்தால்தான் பஞ்சு நன்றாக உறிஞ்சும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 6000 சுற்றில் நொடிக்கு 50 துடிப்பு விடுகிறது. அந்த 500 டிகிரிச் சூட்டில் அலைநீளம் 11 மீட்டர். கால்பங்கு என்றாலும் இரண்டே முக்கால் மீட்டர். சைலன்சரில் இருப்பதோ இரண்டு விரல் கனப் பஞ்சு. எனவே அது கரகரப்பையும் கீச்சையும் விழுங்கும். அடித்தளத்து இடியை விட்டுவிடும். ஜன்னல் கண்ணாடியை அதிர வைப்பது அந்த இடிதான்.

சைலன்சர் செய்வது எவ்வளவு கடினம் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு வேறொரு எந்திரத்தை வைத்துச் சொல்லலாம். 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் பனியன் கம்பெனிகளின் கொல்லையில் இரவும் பகலும் ஓடிய டீசல் ஜெனரேட்டர்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1000 கேவிஏ வரையுள்ள புது ஜெனரேட்டரின் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் கேட்கக்கூடாது என்றும், இந்த வரம்புக்குள் வராத ஜெனரேட்டர்களின் புகைக்குழாய் சைலன்சர் குறைந்தது 25 டெசிபலாவது குறைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 25 டெசிபல் என்றால் ஒலிச்சக்தியை முந்நூறில் ஒரு பங்காக்குவது. அத்தனை பெரிய எஞ்சினில் இது சாத்தியமாவதற்கு ஒரு காரணம் உண்டு: ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டுமானால் 1500 சுற்றை விட்டு அது அசையக்கூடாது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 75 துடிப்பு, எப்போதும் அதே 75. அந்த ஒரு சுருதிக்கு அறையை அளந்து கட்டிவிடலாம். இடத்துக்கும் எடைக்கும் பஞ்சமில்லை. மோட்டார் சைக்கிளோ சிக்னலில் 1200 சுற்று, மேம்பாலம் ஏறும்போது 5000, காங்கயம் சாலையில் 7000 என்று சுருதி முழுக்க அலைகிறது. கால் பக்கத்தில் ஒரு முழ நீளக் குழாய்தான் அதற்குக் கிடைத்த இடம். அறையும் கடமும் பஞ்சும் தீர்க்காமல் விட்ட மிச்சத்தை அடக்க வேண்டிய பொறுப்பு கடைசியில் பேஃபிளுக்கு வந்து சேர்கிறது.

பேஃபிளைத் தடுப்புக்குழல் என்று சொல்லலாம். சைலன்சரின் வால்பக்கம் செருகி ஒரு போல்ட்டால் முடுக்கிய சிறிய குழல்; கடையில் டிபி கில்லர் என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். இது நெரிப்பதன் மூலம் அடக்குகிறது. துடிப்பின் ஒரு பகுதியை உள்ளேயே திருப்புகிறது, விட்டு விட்டு வரும் வாயுவைச் சீரான ஒழுக்காக்குகிறது. விலை என்ன? துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிறது. அதே வாயு போக வேண்டுமானால் நான்கு மடங்கு வேகத்தில் போக வேண்டும். ஓட்டத்துக்கான தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் தடை பதினாறு மடங்கு. 30 மில்லிமீட்டர் துளையை 20 ஆக்கினால் பார்வைக்கு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். தடையோ ஐந்து மடங்காகியிருக்கும். இந்தத் தடையைத்தான் பின்னழுத்தம் என்கிறோம். பிஸ்டன் எரிந்த வாயுவை வெளியே தள்ள அதற்கு எதிராக உழைக்க வேண்டும். வெளியேறாமல் மிஞ்சிய வாயு, புதுக் காற்று வரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒலிப் பக்கமோ வேறு கணக்கில் நகர்கிறது. துளைப் பரப்பு ஒவ்வொரு தடவை பாதியாகும்போதும் கிடைக்கிற அமைதி சில டெசிபல்தான், ஏறக்குறைய ஒரே அளவு. தடையோ ஒவ்வொரு தடவையும் நான்கால் பெருகுகிறது. ஆகவே அகன்ற துளையிலிருந்து குறுக்கிக்கொண்டே வந்தால், முதல் சில படிகளில் அமைதி கிட்டத்தட்ட இனாமாகக் கிடைக்கும். ஓர் எல்லைக்குப் பிறகு அதே சில டெசிபலுக்காக எஞ்சின் மூச்சுத் திணறும். கேள்வி, அந்த எல்லை எங்கே என்பதுதான்.

அது எஞ்சினைவிட ஓட்டுகிற விதத்தைப் பொறுத்தது. வாயுவின் அளவு பாதியானால் தடை கால்பங்கு. 8000 சுற்றில் முழு ஆக்சிலேட்டரில் நெரிக்கும் ஒரு துளை, 4000 சுற்றில் நாலில் ஒரு பங்குதான் நெரிக்கும். அந்த 4000 சுற்றிலும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பாமல் பாதிக் காற்றே உள்ளே வந்தால், பதினாறில் ஒரு பங்கு. புஷ்பா தியேட்டர் சந்திப்பு நெரிசலில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவருக்கு எஞ்சினின் மூச்சை அடைப்பது பேஃபிள் அல்ல, கார்புரேட்டரிலோ திராட்டில் பாடியிலோ பாதி மூடியிருக்கும் தட்டு. மேல்தொட்டிக் குழாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் போகும் சாக்கடையை அகலப்படுத்துவது போன்ற வேலை அது.

துளையிட்ட குழல் வகைப் பேஃபிள்களில் நம் லேத் பட்டறைகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 30 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழலின் பரப்பு சுமார் 707 சதுர மில்லிமீட்டர். முனையை அடைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஐந்து மில்லிமீட்டர் துளைகள் போடுவதானால், அந்தப் பரப்பை ஈடுகட்ட 36 துளை போதும் என்று கணக்கு வரும். ஆனால் கூரான விளிம்புள்ள துளையில் ஓட்டம் விளிம்பை ஒட்டிப் போகாமல் நடுவே குவிந்து ஒடுங்கும். துளையில் ஏறக்குறைய அறுபது சதவீதமே பயன்படும். எனவே 36 அல்ல, 60 துளையாவது வேண்டும். இருபது துளை போட்டு "ஃப்ரீ ஃப்ளோ" என்று விற்கப்படும் குழல், கம்பெனி சைலன்சரைவிட மோசமாக நெரிக்கலாம், அதைவிட அதிகமாகக் கத்தவும் செய்யலாம். சத்தம் போட்டால் அடைப்பில்லை என்று பொருளல்ல.

இனி இரண்டாவது மெக்கானிக்கின் கட்சி. பின்னழுத்தம் எஞ்சினுக்குத் தேவை என்கிறார். தேவை இல்லை, எந்தச் சுற்றிலும் அது இழப்புதான். ஆனால் பேஃபிளை எடுத்தபின் நடுச்சுற்றில் வண்டி தொய்கிறது என்று அவர் கண்டது பொய்யல்ல. அவர் பார்த்தது எதிரலையின் வேலை. எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் தாழ்வழுத்த அலை வந்து சேர்ந்தால், பழைய வாயுவை உறிஞ்சிப் புதுக் காற்றை இழுத்துக் கொடுக்கும். அழுத்த அலை வந்தால் எரிந்த வாயுவை உள்ளே திணிக்கும். எஞ்சினிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி அலை திரும்புவதாகக் கொண்டால், போய்வர அதற்கு ஆயிரத்தில் இரண்டரை நொடி ஆகும். 3000 சுற்றில் அதற்குள் கிராங்க் 45 டிகிரி திரும்பியிருக்கும், 6000 சுற்றில் 90 டிகிரி. ஒரே குழாயின் உதவி ஒரு வேகத்தில் சரியாகவும் இன்னொரு வேகத்தில் தப்பாகவும் வந்து சேர்கிறது. பேஃபிளை உருவும்போது அலை எங்கே, எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பது மாறிவிடுகிறது. கம்பெனியில் அளந்து வைத்த பொருத்தம் குலைந்து, நாம் அதிகம் ஓட்டும் நடுச்சுற்றில் பள்ளம் விழுகிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல்-காற்று விகிதமும் கலையும். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் "பட் பட்" என்று வெடிப்பது, திறந்த வாய்வழியே காற்று உள்ளே நுழைந்து மிச்ச எரிபொருள் குழாயில் பற்றுவதால்.

அலையின் பலத்துக்குச் சாட்சி வேண்டுமானால் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகளை அளந்து அளந்து ஒரு வடிவத்தைச் செதுக்கினார்: மெல்ல விரிந்து, வயிறு பெருத்து, மறுபடி குறுகும் விரிவறை. விரியும் பகுதி தாழ்வழுத்த அலையை அனுப்பிப் புதுக் கலவையை இழுக்கும். அந்தக் கலவையில் கொஞ்சம் எக்ஸாஸ்டுக்குள் வழிந்துவிடும். அந்நேரம் பார்த்துக் குறுகும் பகுதியிலிருந்து வரும் அழுத்த அலை அதைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அசையும் உறுப்பு ஒன்றும் இல்லாமல், தகரத்தின் வடிவம் மட்டுமே செய்யும் வேலை. 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தின்போது அந்த அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டு வெளியேறி, தொழில்நுட்பத்தோடு சுசூகிக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசூகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஒரு சைலன்சரின் வயிற்று வளைவு உளவுக் கதையாகும் அளவுக்கு விலைமதிப்புள்ளது. நம் ஊரில் 1985 முதல் 1996 வரை விற்ற ஆர்எக்ஸ் 100, 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்ததிலும் அந்த வளைவுக்குப் பங்கு உண்டு. அந்த வண்டியில் பேஃபிள் அடைத்துக்கொள்வது உண்மையான தொல்லை, ஏனென்றால் பெட்ரோலோடு எண்ணெயும் எரிந்து கரி படியும். அதற்கு வைத்தியம் பேஃபிளைத் தூக்கிப் போடுவதல்ல. கழற்றி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கரியை எடுத்து, அதே இடத்தில் மாட்டுவது.

"ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியாதா?" என்ற கேள்வி நியாயமானதுதான். பேஃபிள் இல்லாத வண்டி விறுவிறு என்று இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வேகத்தை நாம் உடம்பால் மட்டும் உணர்வதில்லை, காதாலும் உணர்கிறோம். ஆக்சிலேட்டரைத் திருப்பியதும் ஓசை பாய்ந்து ஏறினால் வண்டியும் பாய்ந்ததாக மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆகவேதான் இந்த வழக்கில் காதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது. டைனோ என்ற ஆற்றல்மானியின் உருளையில் பின்சக்கரத்தை ஏற்றி ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் இழுவை எத்தனை என்று கோடு வரைந்து காட்டிவிடும். அந்தக் கோட்டை வைத்துப் பேசினால் விஷயம் இப்படி விழும்: திறந்த குழாய் எதையாவது கூட்டினால் அது உச்சச் சுற்றின் பக்கம்தான், இழப்பதோ நடுச்சுற்றில். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தய வண்டிகளைக் காட்டி வாதிடுவோர் உண்டு. பந்தய எஞ்சின் உச்சச் சுற்றை விட்டு இறங்குவதே அபூர்வம். அதன் குழாய், கேம், எரிபொருள் விகிதம் எல்லாம் அந்தக் குறுகிய பட்டைக்காக ஒன்றாக அளக்கப்பட்டவை. அதில் குழாயை மட்டும் இரவல் வாங்குவது, இருபது கேஜ் மெஷினின் ஊசியை மட்டும் எடுத்து இருபத்தெட்டு கேஜில் போடுவது மாதிரி.

சத்தம் இருந்தால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், அது பாதுகாப்பு என்பது இன்னொரு வாதம். சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. திசை காட்டும் உயர்ந்த சுருதிகள் அந்தப் பக்கமே அதிகம் போகின்றன. எல்லாப் பக்கமும் பரவும் தாழ்ந்த இடியிலிருந்து எத்திசை என்று காதால் பிரித்தறிய முடியாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் 1981-இல் வெளியிட்ட அறிக்கை, மோட்டார் சைக்கிளுக்கு ஆபத்து பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்தே வருகிறது என்று கண்டது. முன்னால் இருப்பவருக்குச் சொல்ல ஹாரன் இருக்கிறது, அதன் வாய் முன்னே பார்க்கிறது.

கம்பெனிக்காரன் சட்டத்துக்குப் பயந்து எஞ்சினை நெரித்து வைத்திருக்கிறான் என்ற சந்தேகத்துக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, விரிவறை மூலமோ வேறு வகையிலோ ஒலியை இயன்றவரை குறைக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது. குறுகிய துளை வைக்கச் சொல்லவில்லை, விரிவறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எழுதியவருக்கு இயற்பியல் தெரிந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்தபின் குழாய்க்குள் வினையூக்கி மாற்றியும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து, எரிபொருள் விகிதம் அவற்றோடு பின்னப்பட்டுவிட்டது. இதைக் கலைத்தால் ஒலி வரம்பு மட்டுமல்ல, புகை வரம்பும் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவில் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு.

அப்படியானால் துளையை எப்படித்தான் தேர்வது? கம்பெனி சைலன்சரும் பேஃபிளும் பழுதில்லாமல் இருந்தால் தேர்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லையைத் தேடும் வேலையை ஏற்கெனவே செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள். பழைய வண்டிக்கு அசல் கிடைக்காமல் மாற்றுச் சைலன்சர் போட வேண்டி வந்தவருக்குத்தான் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. அவர் மிகச் சிறிய துளையுள்ள பேஃபிளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பெரிதாக்கிச் சோதிக்கலாம். டைனோ வேண்டும் என்பதில்லை. ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், அதே இரண்டு ஆட்கள், அதே அளவு பெட்ரோல், மூன்றாவது கியர்; முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து அறுபதைத் தொட எத்தனை நொடி என்று பின்னால் உட்கார்ந்தவர் ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கட்டும், இரு திசையிலும் ஐந்தைந்து தடவை. ஒலிக்கு, குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் போனை வைத்து, நின்ற வண்டியில் ஒரே சுற்றில் அளந்தால் ஒப்பிடப் போதுமான எண் கிடைக்கும். துளையைப் பெரிதாக்க ஆக்க டெசிபல் ஏறிக்கொண்டே போகும். நொடிகள் மட்டும் ஓர் இடத்தில் குறைவதை நிறுத்திவிடும். நின்ற இடத்துக்கு முந்திய துளைதான் அவருக்குரியது. சோதிக்கும்போது ஓட்டுகிறவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும்.